பாஸ் தூண்டில்: எந்த ராட், எந்த நரம்பு, எந்த இரை? ஒன்டாரியோவில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் வந்தால் டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் பலருக்குத் தூண்டில் ஆசை வந்துவிடுகிறது. நேராகக் கடைக்குப் போய் முந்நூறு, நானூறு டாலருக்குச் சாமான் வாங்கி காரில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் இதை வைத்து எங்கே போவது, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. மீன் எங்கே நிற்கிறது என்பது முதலில், அந்த இடத்துக்கு எந்த இரை போகும் என்பது அடுத்து, அந்த இரைக்கு ஏற்ற நரம்பு, அந்த நரம்புக்கு ஏற்ற ராட். கீழே உள்ள பதில்கள் இந்த வரிசையில் யோசித்து எழுதியவை. எல்லாம் தெற்கு ஒன்டாரியோ ஏரிகளை மனதில் வைத்து.

பாஸ் என்றால் மீன் கடையில் விற்கிற சீ பாஸா?

இல்லை. அது கடல் மீன், இதற்கும் அதற்கும் உறவே கிடையாது. இங்கே தூண்டில்காரர்கள் பாஸ் என்று சொல்வது நன்னீரில் வாழும் இரண்டு மீன்களை: லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத். இரண்டும் சன்ஃபிஷ் குடும்பம், அதாவது படகுத்துறை ஓரத்தில் பிள்ளைகள் புழு போட்டுப் பிடிக்கிற வண்ணக் குட்டி மீன்களுக்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள்.

வாயைப் பாருங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத், கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் ஸ்மால்மவுத். லார்ஜ்மவுத் பச்சை நிறம், உடம்பு நெடுக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். ஸ்மால்மவுத் வெண்கல நிறம், மேலிருந்து கீழாக மங்கலான கோடுகள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால் இரண்டும் நிற்கும் இடம் வேறு. லார்ஜ்மவுத்துக்கு வெதுவெதுப்பான ஆழமற்ற நீர், களை, அல்லி இலை, விழுந்த மரம், படகுத்துறை நிழல். ஒளிந்திருந்து பாய்கிற மீன் அது. ஸ்மால்மவுத்துக்குப் பாறை, சரளைக்கல், தெளிந்த நீர், கொஞ்சம் ஆழம், முடிந்தால் நீரோட்டம். கிரேஃபிஷையும் (குட்டி லாப்ஸ்டர் மாதிரி நன்னீர்ப் பிராணி) சின்ன மீன்களையும் துரத்தித் தின்னும். ஆகவே “பாஸுக்கு எந்த ராட்” என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. களையிலா, பாறையிலா என்று சொல்லுங்கள், பதில் தானாக வரும்.

சீசன் எப்போது? லைசென்ஸ் கட்டாயமா?

கட்டாயம். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாண அரசு தரும் அட்டை) அதோடு மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் இரண்டு வகை. ஸ்போர்ட் எடுத்தால் பெரும்பாலான மீன்பிடி மண்டலங்களில் ஆறு பாஸ் வரை வைத்துக்கொள்ளலாம், கன்சர்வேஷன் எடுத்தால் இரண்டு (இரண்டு இனமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு). பிடித்துவிட்டு விடப் போகிறவர்களுக்கு கன்சர்வேஷனே தாராளம், விலையும் குறைவு.

தெற்கு ஒன்டாரியோவில் சீசன் பொதுவாக ஜூன் மூன்றாவது அல்லது நான்காவது சனிக்கிழமை திறக்கும். சிம்கோ ஏரி மண்டலம் 16, ஸ்கூகாக்கும் காவார்த்தா ஏரிகளும் 17, ஒன்டாரியோ ஏரி 20 என்று மண்டலத்துக்கு மண்டலம் தேதி மாறும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதிமுறைச் சுருக்கத்தில் உங்கள் மண்டலத்துப் பக்கத்தை மட்டும் படித்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

“மே மாதமே கரையோரம் மீன் நிற்கிறதே, ஏன் பிடிக்கக் கூடாது?” என்று சிலர் கோபப்படுவார்கள். நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நீர் 15, 18 டிகிரிக்கு வரும்போது ஆண் பாஸ் ஆழமற்ற இடத்தில் கூடு தோண்டும், பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல். எது கிட்டே வந்தாலும் கடிக்கும், ஆகவே அதைப் பிடிப்பதில் திறமை எதுவும் இல்லை. நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுக்கிற சில நிமிடத்தில் சுற்றி நிற்கிற சன்ஃபிஷ்களும் கோபி என்ற சின்ன மீன்களும் கூட்டைக் காலி செய்துவிடும். பிறகு நீங்கள் மீனைத் திரும்ப விட்டாலும் காக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். வயது 65-க்கு மேல். அவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். 65 வயது விலக்கு கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். விசிட்டர் விசாவில் வந்தவர்கள் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒரு நாள் லைசென்ஸும் உண்டு, அதற்கு அவுட்டோர்ஸ் கார்டு தேவையில்லை. அப்பா கையில் ராட் இருக்கும்போது அதிகாரி வந்தால் “அவர் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார்” என்று சொல்லிப் பயனில்லை.

ஒரே ஒரு செட்தான் வாங்குவேன். எது?

ஸ்பின்னிங் ராட் (ரீல் அடியில் தொங்கும் வகை), 6 அடி 10 அங்குலம் முதல் 7 அடி வரை, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அதற்கு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். இதை வைத்துக்கொண்டு இந்த மாகாணத்தில் பாஸ் பிடிக்கிற வேலையில் முக்கால்வாசி செய்துவிடலாம்.

பவர் என்பது ராட் எவ்வளவு கனம் தாங்கும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், நடுப்பகுதி விறைப்பாக இருக்கும், அதனால் கடி கையில் தெரியும், முள்ளும் உடனே ஏறும். கைப்பிடிக்குச் சற்று மேலே ராட்டிலேயே எழுதியிருப்பார்கள்: எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் லூர் (செயற்கை இரை) என்று. விளம்பரத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் படியுங்கள். மேல் வரம்பு அரை அவுன்ஸ் அல்லது எட்டில் ஐந்து பங்கு அவுன்ஸ், கீழ் வரம்பு அரைக்கால் அவுன்ஸ் என்றால் உங்களுக்குச் சரியானது.

எவ்வளவு செலவாகும்? ராட்டும் ரீலும் சேர்ந்த காம்போ எண்பது, நூறு டாலருக்குக் கிடைப்பதே போதும். அக்லி ஸ்டிக் மாதிரி ஃபைபர் கலந்த ராட்கள் கொஞ்சம் கனம், நுணுக்கமான கடியைக் கைக்குச் சொல்லாது, ஆனால் கார் கதவில் மாட்டினாலும் லேசில் உடையாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான். கூடுதல் பணம் இருந்தால் ரீலை விட ராட்டில் போடுங்கள். பாஸ் நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு ஓடுகிற மீன் கிடையாது, ரீல் சீராகச் சுற்றினால் சரி, டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) விட்டு விட்டு இழுக்காமல் இருந்தால் சரி.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வையுங்கள். முறுக்கி இறுக்கி வைத்துவிட்டு “நரம்பு மட்டம்” என்று சொல்வது நியாயமில்லை.

பெய்ட்காஸ்டர் வாங்கலாமா? எல்லா வீடியோவிலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பெய்ட்காஸ்டர் என்றால் ரீல் ராட்டுக்கு மேலே உட்காரும் வகை. அதை இரண்டாவது செட்டாக வாங்குங்கள். கனமான இரை, தடித்த நரம்பு, அடர்ந்த களை, இந்த மூன்றும் சேரும்போது அதற்கு நிகர் இல்லை. ஆனால் இலேசான இரையை எதிர்காற்றில் வீச அது லாயக்கில்லாதது, முதல் இரண்டு வாரம் மீனைவிட நரம்புச் சிக்கைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சிக்கு ஏன் விழுகிறது? இரை காற்றில் வேகம் குறைந்துவிடும், ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அதே வேகத்தில் சுழன்று நரம்பை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வெளியே போக இடமில்லாத நரம்பு உள்ளேயே புரண்டுகொள்கிறது. ஆகவே முதலில் பக்கவாட்டுத் திருகை இறுக்கி, பட்டனை அழுத்தினால் இரை மெதுவாக இறங்குகிற மாதிரி வையுங்கள். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். பிரேக்கை அதிகத்தில் வையுங்கள். அரை அவுன்ஸ் எடை கட்டி, முள் இல்லாமல், வீட்டுக்குப் பின்னால் புல்லில் வீசிப் பழகுங்கள். இரை தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் கட்டைவிரல் ஸ்பூலில் படிய வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, விரலுக்குத் தானாக வர வேண்டியது.

வாங்கினால் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்.

நரம்பு எது போடுவது? பிரெய்டா, ஃப்ளோரோவா, மோனோவா?

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. நூறு டாலர் செட்டில் நல்ல நரம்பு போட்டவர், நானூறு டாலர் செட்டில் கடையில் சுற்றிவந்த பழைய நரம்போடு போனவரைவிட அதிகம் பிடிப்பார்.

பிரெய்டு பல இழைகளைப் பின்னிய நரம்பு, நீளாது. ஆழத்தில் ஒரு மீன் மூச்சுவிட்டாலும் கையில் தெரியும் என்று சொல்லலாம், அதே பலத்துக்கு மிக மெல்லியது, களையை அறுத்துக்கொண்டு வரும். குறை: தண்ணீரில் பளிச்சென்று தெரியும், பாறையில் உரசினால் சீக்கிரம் போய்விடும். ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, மூழ்கும், உரசல் தாங்கும். ஆனால் விறைப்பு அதிகம், ஸ்பின்னிங் ரீலில் முழுக்கப் போட்டால் சுருள் சுருளாக வெளியே குதிக்கும். மோனோ (ஒற்றை இழை நைலான்) நீளும், மிதக்கும், மலிவு. மேற்பரப்பு இரைக்கு நல்லது.

அதனால் ஸ்பின்னிங் செட்டுக்கு 10 பவுண்டு பிரெய்டை முக்கிய நரம்பாகச் சுற்றி, முன்னால் ஆறேழு அடிக்கு 8 பவுண்டு ஃப்ளோரோ கட்டிவிடுங்கள். இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும். பிரெய்டு சுற்றும்போது அடியில் பத்துச் சுற்று மோனோ போடாவிட்டால் முழுச் சுருளும் ஸ்பூலில் வழுக்கிக்கொண்டே சுற்றும். மீன் மாட்டிய பிறகு “ரீல் சுற்றுகிறது, நரம்பு வரமாட்டேன் என்கிறது” என்று புலம்புபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். களைக்கான பெய்ட்காஸ்டரில் 50 பவுண்டு பிரெய்டு நேராக, முன்னால் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, ஸ்பின்னிங் ரீலில் வீசியதும் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். மூடியதும் நரம்பை ஒருமுறை லேசாக இழுத்துவிடுங்கள். நரம்பு முறுக்கிக்கொண்டு வருவதில் பாதி இதிலேயே நின்றுவிடும்.

எத்தனை முடிச்சு கற்றுக்கொள்ள வேண்டும்?

இரண்டு. முள்ளில் கட்ட பாலோமர், பிரெய்டையும் ஃப்ளோரோவையும் சேர்க்க இரட்டை யூனி. எஃப்ஜி முடிச்சு மெல்லியது, ராட்டின் வளையங்களில் வழுக்கிக்கொண்டு போகும்தான், ஆனால் காற்றில் படகில் நின்றுகொண்டு கட்ட வராது; வீட்டில் கட்டிக்கொண்டு போகலாம். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். வறட்டு நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

கடையில் ஆயிரம் வகை லூர் தொங்குகிறது. எதை எடுப்பது?

முதல் சீசனுக்கு மூன்று ரப்பர் இரை, அவற்றுக்கான முள். முடிந்தது. மற்றதெல்லாம் அடுத்த வருடம்.

ஒன்று, 5 அங்குல ஸ்டிக் புழு. கேரி யமமோட்டோ சென்கோ என்ற பெயரில் புகழ்பெற்றது, இப்போது எல்லா நிறுவனமும் செய்கிறது. பார்த்தால் பேனா மூடி மாதிரி ஒன்றுமில்லாமல் இருக்கும், இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். புழுவின் நட்டநடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அதற்குள் முள்ளைக் குறுக்காகச் செருகினால் அதுதான் வாக்கி ரிக். எடை எதுவும் வேண்டாம். உப்புச் சேர்த்த ரப்பர் என்பதால் அதன் கனமே வீசப் போதும். வீசுங்கள், நரம்பைத் தளரவிடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே மெதுவாக இறங்கும், பெரும்பாலான கடி அந்த இறக்கத்தில்தான். தளர்ந்த நரம்பு திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் எடுத்துவிட்டது என்று அர்த்தம். சும்மா இருக்க முடியாமல் ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான முறை.

இரண்டு, டெக்சஸ் ரிக். களைக்குள்ளும் மரத்துக்குள்ளும் போக. தோட்டா வடிவ எடையை நரம்பில் கோத்து, 3/0 அகல வளைவு முள்ளைக் கட்டி, முள்ளின் கூர்முனையை ரப்பர் புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுவது. கூர் வெளியே தெரியாததால் களையில் மாட்டாது. கால் அவுன்ஸ் எடையில் தொடங்குங்கள். களைக்குள் இறங்காவிட்டால் கூட்டுங்கள். இறக்கி, இழுத்து, மறுபடி இறக்கி. “டக்” என்று ஒரு தட்டு வந்தால் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு ராட்டைப் பலமாகச் சுண்டுங்கள், ஏனென்றால் முள் முதலில் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

மூன்று, நெட் ரிக். கான்சஸ்காரர் நெட் கேடியின் (Ned Kehde) பெயரில் பரவியது. காளான் வடிவத் தலையுள்ள சின்ன ஜிக் (எடையும் முள்ளும் ஒன்றாகச் சேர்ந்தது), அதில் இரண்டே முக்கால் அங்குலத் துண்டு ரப்பர். பாறை அடியில் தத்தித் தத்தி இழுத்து வந்தால் ஸ்மால்மவுத் சும்மா விடாது. வெளிப்படையான முள் என்பதால் களைக்கு ஆகாது, பாறை இடுக்கிலும் நிறையத் தொலையும், கூடுதலாக வாங்கி வையுங்கள். சுண்டத் தேவையில்லை, நரம்பு இறுகியதும் ராட்டைச் சாய்த்துச் சுற்றினால் போதும், முள் மெல்லியது.

இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு ஸ்பின்னர்பெய்ட், கிராங்க்பெய்ட், ஜெர்க்பெய்ட் எல்லாம் வாங்கலாம். அவை மீனைத் தேடுவதற்கு: வேகமாக வீசிச் சுற்றி, பரப்பைத் துழாவி, ஒன்று கடித்தால் அந்த இடத்தில் ரப்பரை இறக்குவது. ஒரு நரம்பில் நான்கு முள்ளுக்கு மேல் ஒன்டாரியோவில் கட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவளை லூர் வேலை செய்யுமா, வேடிக்கைக்கு விற்பதா?

ஜூலை, ஆகஸ்டில் அல்லி இலையும் பாசிப் படலமும் தண்ணீரை மூடியிருக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்தது இல்லை. உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளை, முதுகோடு ஒட்டிய இரட்டை முள், இலை மேல் ஊர்ந்து வரும், மாட்டாது. இலையின் விளிம்பில், ஓட்டைகளில் ஓரிரு விநாடி நிறுத்துங்கள். கீழிருந்து லார்ஜ்மவுத் வெடித்துக்கொண்டு வருவதைப் பார்ப்பதற்கே போகலாம்.

பார்த்ததும் சுண்டிவிடுவதுதான் எல்லோரும் செய்வது, தவளை மட்டும் முகத்துக்குப் பறந்து வரும். தவளை கண்ணிலிருந்து மறைந்து, கையில் கனம் தெரிந்த பிறகு முழுப் பலத்தோடு சுண்டுங்கள். மெல்லிய நரம்பும் மீடியம் ராட்டும் இதற்கு உதவாது. மாட்டிய மீன் களைக்குள் புகுந்து கிழங்கோடு சுற்றிக்கொள்ளும். 50 பவுண்டு பிரெய்டு இங்கேதான் காசுக்கு வேலை செய்யும்.

ஸ்மால்மவுத் ஆழத்தில் நிற்கிறது. என்ன செய்வது?

டிராப் ஷாட். நரம்பின் அடியில் எடை, அதற்கு ஓரடி மேலே சின்ன முள், முள்ளில் மூக்கைக் குத்தி மாட்டிய மூன்று நான்கு அங்குல ரப்பர் மீன். எடை தரையில் கிடக்கும், இரை மீனின் கண்மட்டத்தில் தொங்கும். ஆட்டாதீர்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. ராட் நுனியின் இயல்பான நடுக்கமே போதும். சிம்கோ மாதிரித் தெளிந்த ஏரியில் (ஜீப்ரா சிப்பிகள் நீரை வடித்து வடித்து இன்னும் தெளிவாக்கிவிட்டன) மீன் இரையை நிதானமாகப் பார்த்துத்தான் எடுக்கும், அங்கே 6 பவுண்டு ஃப்ளோரோவுக்கு இறங்குவது நல்லது.

அசையாமல் வைத்திருப்பதன் பலத்துக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கெனோராவைச் சேர்ந்த ஜெஃப் கஸ்டஃப்சன் 2023-இல் டென்னசி மாநிலத்தில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பாஸ் பிடிக்கும் போட்டியை வென்றார், அதை வென்ற முதல் கனடாக்காரர். அவர் செய்தது என்ன? ஆழத்தில் நிற்கும் ஸ்மால்மவுத்தின் தலைக்குச் சற்று மேலே ஒரு ஜிக்கை இறக்கி, கிட்டத்தட்ட அசைக்காமல் பிடித்திருந்தது. வடமேற்கு ஒன்டாரியோ ஏரிகளில் பழகிய முறை அது.

எந்த நிறம்?

தண்ணீர் தெளிவாக இருந்தால் பச்சைப் பூசணி நிறம், கலங்கலாக இருந்தால் கறுப்பும் நீலமும். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கும் நேரத்தில் இரண்டு வீச்சு கூடுதலாக வீசலாம்.

படகு இல்லை. கரையிலிருந்து பிடிக்க முடியுமா? எங்கே?

நன்றாகவே முடியும். டொராண்டோ தீவுகளின் உள்நீர் ஓடைகள், பிக்கரிங்கில் ஃப்ரென்ச்மன்ஸ் பே, ஸ்கூகாக் ஏரிக்கரையில் போர்ட் பெர்ரி, சிம்கோவின் தெற்கு மூலையில் குக்ஸ் பே பக்கம், இவை லார்ஜ்மவுத் இடங்கள். பீட்டர்பரோவில் ஒட்டனபீ ஆறு ஸ்மால்மவுத்துக்கு நல்லது. டிரென்ட்-செவர்ன் கால்வாய் நெடுக மீன் இருக்கிறது, ஆனால் லாக் (படகுகளை ஏற்றி இறக்கும் மதகு) அருகிலும் கால்வாய் மேலுள்ள பாலங்களிலும் தூண்டில் போடத் தடை உண்டு. பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

கரையில் நிற்பவர்கள் எல்லோரும் ஏரியின் நடுவை நோக்கி, முடிந்த அளவு தூரமாக வீசுகிறார்கள். படகில் வருபவர்கள் கரையை நோக்கி வீசுகிறார்கள். யார் சொல்வது சரி என்று யோசித்துப் பாருங்கள். களை முடிகிற விளிம்பு, கல் முடிந்து மணல் தொடங்கும் கோடு, துறையின் நிழல், இவையெல்லாம் கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கரைக்கு இணையாக வீசுங்கள். இரை முழு நேரமும் மீன் இருக்கிற நீரிலேயே வரும். பத்து வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் இருபது அடி நகருங்கள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடிக்கிற மீன் கெளுத்தியும் கார்ப்பும்; பாஸுக்கு நடக்க வேண்டும். நடக்கும்போது உயரமான புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.

கயாக் வாங்குபவர்களுக்கு: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் சட்டப்படி படகில் இருக்க வேண்டும். இருந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

சீசன் தொடங்கும்போது மீன் இன்னும் கரையோரம்தான், முட்டைக் காலம் முடிந்து களைத்துப் பசியோடு இருக்கும். வாக்கி ரிக்குக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. கோடை நடுவில் காலையும் மாலையும் மேற்பரப்பு இரை. உச்சி வெயிலில் நிழல், அடர்ந்த களை, இல்லையென்றால் ஆழம். செப்டம்பர் கடைசியிலிருந்து ஸ்மால்மவுத் கூட்டம் கூட்டமாக ஆழமான பாறை மேடுகளுக்குப் போய்க் குளிர்காலத்துக்காகத் தின்னும். ஆண்டின் பெரிய மீன்கள் விரல் விறைக்கிற அக்டோபர், நவம்பரில்தான் வருகின்றன. நம்மவர்கள் பலர் செப்டம்பரோடு ராட்டைக் கராஜில் வைத்துவிடுகிறார்கள், பாவம்.

மேகமும் லேசான காற்றும் உள்ள நாள் பளிச்சென்ற அமைதியான நாளைவிட நல்லது. நீர்ப்பரப்பு அலைந்தால் மீனுக்குத் துணிச்சல் வரும்.

உயிர்ப்புழு போடலாமா?

மண்புழு போடலாம். சின்ன மீன், அட்டை ஆகியவற்றை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு, வாங்கினால் ரசீதை வைத்திருங்கள். மிஞ்சிய இரையையோ அதன் தண்ணீரையோ ஏரியிலும் கரையிலும் கொட்டக் கூடாது. என் கருத்து: பாஸுக்கு மண்புழு வேண்டாம். சின்ன மீன் முதல் எல்லாம் ஓடி வரும், பாஸ் எடுத்தால் ஆழமாக விழுங்கிவிடும், உயிரோடு விடுவது கடினம்.

ஈயக்குண்டு போடலாமா?

தேசியப் பூங்காக்களில் சின்ன ஈயக்குண்டுகளும் ஈய ஜிக்குகளும் தடை. மற்ற இடங்களில் சட்டம் விட்டாலும் தவிர்ப்பது நல்லது. லூன் பறவைகள் கூழாங்கல் பொறுக்கும்போது இதையும் விழுங்கிச் சாகின்றன. டங்ஸ்டன் விலை கூடுதல், ஆனால் அதே எடைக்குச் சிறியது, கல்லில் பட்டால் கைக்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிடித்ததை விடுவதா, குழம்பு வைப்பதா?

இரண்டும் சரி. பாஸை விட்டுவிடுகிற பழக்கம் அமெரிக்கப் போட்டிகளிலிருந்து பரவியது. பாஸ்மாஸ்டர் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட் 1972-இல் மீனைக் கொல்லாமல் விடும் முறையைக் கொண்டுவந்தார். அதற்காக, வரம்புக்குள் இரண்டு மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறவரைக் குற்றவாளி மாதிரிப் பார்ப்பது தேவையில்லாதது. ஒன்றரைப் பவுண்டுக்குள் உள்ளதை எடுங்கள், பெரியதை விடுங்கள். பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும், சுவையும் மட்டம், அதிகமாக முட்டையிடுவதும் அதுதான். எந்த ஏரியில் எந்த நீளம்வரை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு. கோடையில் லார்ஜ்மவுத் சேற்று வாடை அடிக்கும், தோலை உரித்து மஞ்சளும் எலுமிச்சையும் தடவி வைத்துவிட்டுப் பொரித்தால் தெரியாது. குழம்புக்கு இதைவிட வால்ஐ என்ற இன்னொரு நன்னீர் மீன் மேல் என்பேன்.

விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள், பெரியதென்றால் இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். தாடையை மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டிப் படம் எடுத்தால் தாடை விலகிவிடும். சூடான கான்கிரீட்டில் போடாதீர்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை வெட்டிவிட்டு விடுங்கள்.

இந்தச் சாமானை ஊருக்கு எடுத்துப் போனால் பயன்படுமா?

ஸ்பின்னிங் செட் எங்கேயும் பயன்படும். ஆனால் எடுத்துப் போக வேண்டியது தவளை செட்டைத்தான். ஏரி, குளத்தில் ஆகாயத்தாமரை ஓரம் நிற்கிற விராலுக்கும் இங்கே அல்லிக்கடியில் நிற்கிற லார்ஜ்மவுத்துக்கும் குணம் ஏறக்குறைய ஒன்று, தமிழ்நாட்டில் லூர் போடுகிறவர்கள் விராலுக்குத் தவளையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதே மீடியம் ஹெவி ராட், அதே 50 பவுண்டு பிரெய்டு. விராலின் வாய் பாஸைவிடக் கடினம், பல்லும் உண்டு. சுண்டுவதற்கு முன் இன்னும் அரை விநாடி பொறுங்கள், கட்டைவிரலை மட்டும் வாயில் வைத்துவிடாதீர்கள், இடுக்கி எடுத்துப் போங்கள்.